1500 மணி பறந்தால்தான் நல்ல பைலட்டா?

நல்லூர்மாமி எழுதியது:

வணக்கம் பிள்ளைகள். விமானம் பற்றித் தெரிந்த இரண்டு மூன்று பேர் இங்கே இருக்கிறீர்கள், அந்தத் துணிவில் கேட்கிறேன். என் அண்ணாவின் மகன் இரத்மலானையில் படித்துப் போன வருடம் வணிக விமானி லைசென்ஸ் எடுத்துவிட்டான். பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக்கில் 214 மணி. இதற்காக அண்ணா கோண்டாவிலில் இருந்த தோட்டக் காணியை விற்றார், அண்ணியின் நகையில் தாலிக்கொடி மட்டும்தான் மிச்சம். இப்போது எங்கே விண்ணப்பம் போட்டாலும் மணி காணாது என்கிறார்கள். போதாக்குறைக்கு ரொறன்ரோச் சித்தப்பா போனில் வந்து, அமெரிக்காவில் 1500 மணி இல்லாமல் பயணிகள் விமானத்தில் கோ-பைலட்டாகக்கூட ஏற முடியாது, அதுதான் முறை, 200 மணிக்காரனை நம்பி யார் ஏறுவது என்று சொல்லிவிட்டார். பெடியன் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். அன்று இரவு சாப்பிடவே இல்லை. உண்மையைச் சொல்லுங்கோ, மணி கூடினால் ஆள் நல்ல விமானி ஆகிவிடுவானா, இல்லை இது சும்மா ஒரு இலக்கமா?

தட்டிவான் எழுதியது:

மாமி, குறை நினைக்காதீங்கோ, நான் உங்கள் சித்தப்பா பக்கம். 11 வருடம் யாழ்ப்பாணம்–கொழும்பு இரவு பஸ் ஓடினவன். முதல் வருடத்தில் மாடு றோட்டில் ஏறிய பிறகுதான் பிரேக்கில் கால் வைப்பேன். பத்தாம் வருடத்தில் அது தலையைத் திருப்புகிற விதத்திலேயே ஏறப்போகிறது என்று தெரிந்துவிடும். இதை எந்தப் பள்ளியில் படிப்பிப்பார்கள்? பஸ்ஸுக்கே இப்படி என்றால் ஆகாயத்தில் போகிற சாமானுக்கு 3000 கேட்டாலும் தப்பில்லை. அமெரிக்காக்காரன் சும்மா சட்டம் போட மாட்டான், பிஞ்சுப் பெடியள் இரண்டு பேர் எங்கேயோ கொண்டுபோய் விழுத்தியிருப்பார்கள்.

பழையஸ்பனர் எழுதியது:

தம்பி தட்டிவான், அங்கேதான் கதை புரள்கிறது. வளைகுடாவில் 26 வருடம் விமானம் திருத்தினவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தச் சட்டத்துக்குக் காரணமான விபத்தில் பிஞ்சுகள் யாரும் இல்லை.

2009 பெப்ரவரி 12, நியூயோர்க் மாநிலத்தில் பஃபலோ நகருக்குப் பக்கத்தில் கொல்கன் எயார் 3407 இறங்கப் போய் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் 49 பேர், வீட்டில் ஒருவர், 50 உயிர். கப்டனுக்கு 3379 மணி. கோ-பைலட் பிள்ளைக்கு 2244 மணி. இன்றைய 1500 சட்டம் அன்றைக்கே இருந்திருந்தாலும் இரண்டு பேரும் அதே கதிரைகளில்தான் இருந்திருப்பார்கள்.

நடந்தது என்னவென்றால், இறங்கும் நேரத்தில் கதைத்துக்கொண்டே வேகம் குறைவதைக் கவனிக்காமல் விட்டார்கள். வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால் இறக்கையில் காற்றின் பிடி விட்டுப்போகும், அதற்குத்தான் ஸ்டோல் என்று பெயர். அது வரப்போகிறது என்று விமானமே விமானி பிடிக்கும் ஸ்டிக்கை உலுக்கிக் காட்டும். அப்போது மூக்கைக் கீழே தள்ள வேண்டும். கப்டன் தன் பக்கம் இழுத்தார். பறக்கப் படிக்க வந்தவனுக்குத் தொடக்கத்திலேயே சொல்லிக் கொடுக்கும் பாடம் இது. விசாரித்துப் பார்த்தால் அவர் முன்பே சில சோதனைப் பறப்புகளில் தவறி, அவற்றில் சிலதை நிறுவனத்துக்குச் சொல்லாமலே விட்டிருக்கிறார். அந்தப் பிள்ளை முதல்நாள் இரவு முழுக்க சியாட்டிலில் இருந்து பயணம் செய்து வேலைக்கு வந்திருக்கிறாள், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுக்கச் சம்பளம் இடம் கொடுக்கவில்லை.

தட்டிவான் எழுதியது:

அண்ணை, நித்திரைக் கதை எனக்குத் தெரியாததா. முறிகண்டியில் நிறுத்துவது பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க மட்டும் இல்லை, முகம் கழுவி ஒரு பிளேன்டீ குடித்து, இரண்டு நிமிடம் நிலத்தில் நிற்கவும்தான். அங்கே நிறுத்தாமல் ஓடின ஒரு ஆளை எனக்குத் தெரியும், என்னைவிட இரண்டு மடங்கு அனுபவம். வவுனியாவைத் தாண்டியதும் பஸ் றோட்டை விட்டு இறங்கிவிட்டது. தெய்வாதீனமாக ஒருவருக்கும் பெரிய காயம் இல்லை. சரி, அது போகட்டும். பிறகு என்னத்துக்கு 1500 என்று சட்டம் போட்டவன்?

பழையஸ்பனர் எழுதியது:

ஆட்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் விடவில்லை தம்பி. வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தார்கள், பாவங்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2010இல் காங்கிரஸ் சட்டம் நிறைவேற்றியது, 2013இல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை 250 மணியோடு கோ-பைலட் ஆகலாம், அதன்பிறகு 1500. இராணுவத்தில் ஓட்டினவருக்கு 750 போதும், நாலு வருட விமானப் பட்டம் முடித்தவருக்கு 1000, இரண்டு வருடப் படிப்புக்கு 1250. இந்தத் தள்ளுபடியை யோசித்துப் பாருங்கோ. எப்படிப் படித்தான் என்பதற்கு மணியைவிட மதிப்பு இருக்கிறது என்று அந்தச் சட்டமே ஒத்துக்கொள்கிறது.

அதே விபத்தின் பிறகு வேறு வேலைகளும் நடந்தன. விமானி தவறிய சோதனைகளை எல்லாம் ஒரே இடத்தில் பதிந்து வைப்பது, சிமுலேட்டரில், அதாவது நிலத்தில் இருக்கும் போலி விமான அறையில், முழு ஸ்டோல் வரை கொண்டுபோய் மீளப் பழக்குவது, வேலைக்கு முன் 10 மணி நேர ஓய்வு. என்னைக் கேட்டால் உயிர்களைக் காப்பாற்றுவது இந்த மூன்றும்தான். 1500 பேப்பரில் தலைப்புப் போட வசதியான இலக்கம்.

பனிக்காடு எழுதியது:

ஸ்பனர் அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. நான் அளவெட்டிப் பெடியன், இப்போது கனடாவின் வடக்கில் சின்ன விமானம் ஓட்டுகிறேன். மணிக்கு மதிப்பே இல்லை என்ற மாதிரி விட முடியாது.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் 200 சொச்சம் மணியோடு கோ-பைலட் ஆகலாம், கப்டன் ஆகத்தான் 1500 வேண்டும். 210 மணியில் நான் கோ-பைலட் ஆனேன், ஆனால் உண்மையில் ஒன்றும் தெரியாது. முதல் மாரியில் கப்டன் என்னிடம் ஓட்டத் தந்துவிட்டுப் பேசாமல் இருந்தார். வெளியே −30, சரளைக் கல் ஓடுபாதை, இறக்கை விளிம்பில் பனி ஏறுகிறது. எப்போது திரும்பலாம் என்று நினைக்கிறாய் என்று கேட்டார். நான் ஒரு இடத்தைச் சொன்னேன். ஐந்து நிமிடத்துக்கு முன்பே திரும்பியிருக்க வேண்டும் என்றார், ஸ்டியரிங்கை அவர் வாங்கவில்லை, என்னையே திருப்ப விட்டார். அந்த மாரியில் நான் பறந்தது 300 மணிதான், இன்று என்னிடம் இருக்கிற எல்லா மணியும் அந்த 300இன் மேல்தான் நிற்கிறது.

அமெரிக்கப் பெடியள் 250இலிருந்து 1500க்கு எப்படிப் போகிறார்கள் தெரியுமா? கனபேர் செஸ்னா என்கிற சின்ன விமானத்தில் பிறருக்குப் படிப்பிக்கிறார்கள், சிலர் கடற்கரை நெடுக விளம்பரத் துணி இழுக்கிறார்கள். படிப்பிக்கிறவன் உண்மையில் கனக்கப் படிக்கிறான், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் நீலவானத்தில் துணி இழுத்த ஆயிரம் மணி என்பது ஒரே மணியை ஆயிரம் தடவை எழுதியதுதான்.

தட்டிவான் எழுதியது:

விமானத்துக்கு ஸ்டியரிங்கா? 😀

பனிக்காடு எழுதியது:

உங்களுக்கு விளங்கட்டும் என்றுதான் அண்ணை.

கணக்குமாஸ்டர் எழுதியது:

ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். விமானம் தெரியாது, கணக்குத் தெரியும். பலாலி–சென்னை ஏறக்குறைய ஒன்றேகால் மணி என்று வைத்துக்கொள்வோம். 1500 மணிக்கு 1200 பறப்பு. இரண்டு விமானிகள் மாறி மாறி இறக்கினால் ஒருவருக்கு 600 இறக்கம். இனி 12 மணி நேரத் தூரப் பறப்பு. 1500 மணிக்கு 125 பறப்பு, மூன்று பேர் பங்கு போட்டால் ஒருவருக்கு 40 இறக்கம் சொச்சம். இரண்டு லாக்புக்கிலும் 1500 என்றே இருக்கும். பரீட்சைக்கு எத்தனை மணி படித்தாய் என்று கேட்டுப் புள்ளி போடுகிற ஆசிரியரை நான் கண்டதில்லை.

பழையஸ்பனர் எழுதியது:

மாஸ்டர், அதுதான் சங்கதி. 2009 ஜூன் 1, ரியோவில் இருந்து பாரிஸ் போன எயார் பிரான்ஸ் 447, அத்திலாந்திக்கில் 228 பேர். வேகம் அளக்கும் குழாயில் பனி அடைத்தது, ஓட்டோபைலட் விட்டுவிட்டது. கையில் ஸ்டிக் வைத்திருந்தவருக்கு 2936 மணி. அவரும் தன் பக்கம்தான் இழுத்தார், கடைசி வரை. 35,000 அடி உயரத்தில் கையால் ஓட்ட அவருக்கு யாரும் ஒழுங்காகப் பழக்கி இருக்கவில்லை. பஃபலோவுக்கும் இதற்கும் இடையில் நாலு மாதம்கூட இல்லை, பாருங்கோ.

கீரிமலைக்காரி எழுதியது:

எனக்கு இந்த இலக்கங்கள் எல்லாம் தலைக்கு மேல். ஒரு அனுபவம் மட்டும் சொல்கிறேன்.

அம்மாவின் கண் சத்திரசிகிச்சை முடிந்து சென்னையில் இருந்து பலாலிக்கு வந்தோம், மார்கழி மழை. கீழே தோட்டமும் பனையும் தெரிகிற அளவுக்கு இறங்கிவிட்டு, சட்டென்று இரைச்சலோடு மேலே ஏறியது. அம்மா கந்தசஷ்டி கவசம் தொடங்கிவிட்டார். சுற்றி வந்து இரண்டாம் தடவையும் அப்படியே. பிறகு கப்டன் அறிவித்தார், காலநிலை சரியில்லை, சென்னைக்கே திரும்புகிறோம் என்று. உள்ளே எழும்பிய சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். பின்னால் இருந்த ஒருவர், ஓடத் தெரியாத சின்னப் பெடியனை விட்டிருக்கிறார்கள், பழைய ஆள் என்றால் இறக்கியிருப்பான் என்று கத்தினார். சொன்னால் வெட்கம், நானும் மனதுக்குள் அப்படித்தான் திட்டினேன். திரும்பவும் விடுதிச் செலவு, அம்மாவின் கண்ணில் கட்டு, கையில் காசு இல்லை.

அந்தப் பைலட் செய்தது சரியா பிழையா?

பனிக்காடு எழுதியது:

அக்கா, உங்கள் அம்மாவைக் கொண்டுபோய்ப் பத்திரமாக இறக்கினவர் அவர். பழைய ஆள் என்றால் இறக்கியிருப்பான் என்று கத்தினாரே, அந்த ஐயாவுக்கு மங்களூரைச் சொல்லுங்கோ. 2010 மே 22, துபாயில் இருந்து வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ், 158 பேர் போனார்கள். கப்டனுக்கு 10,000 மணிக்கு மேல். வரும் வழியில் கனநேரம் நித்திரை, குறட்டைச் சத்தம்கூடப் பதிவாகியிருக்கிறது. மிக உயரத்தில் வந்துகொண்டிருந்தபோது கோ-பைலட் மூன்று தடவை சொன்னார், இறக்க வேண்டாம், மேலே ஏறுவோம் என்று. அவர் பழைய ஆள், இறக்கிக் காட்டினார். மேசை மாதிரி இருந்த குன்றின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது.

பழையஸ்பனர் எழுதியது:

ஸ்பெயினின் தெனரீஃப் தீவை விட்டுவிட்டீர்கள். 1977 மார்ச் 27, மூடுபனி, இரண்டு ஜம்போ ஓடுபாதையில் மோதி 583 பேர். இன்றுவரை அதற்கு மேல் ஒரு விமான விபத்தில் ஆட்கள் இறந்ததில்லை. அதில் ஒன்றை ஓட்டின நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவனக் கப்டனுக்கு 11,700 மணி, அந்த நிறுவனத்தின் தலைமைப் பயிற்றுநர், விளம்பரத்தில் படம் வந்த ஆள். பக்கத்தில் இருந்த கோ-பைலட்டுக்கு அந்த ஜம்போவை ஓடத் தகுதி உண்டு என்று இரண்டு மாதம் முன்பு கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். விமானம் ஓடத் தொடங்கிய பிறகு, மற்ற விமானம் இன்னும் ஓடுபாதையில் இருக்கிறதோ என்று பின்னால் இருந்த பொறியாளர் கேட்டார். கப்டன் இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டு நிறுத்தாமல் போனார். குருவை மறித்து நில்லுங்கோ என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இணுவில்தவில் எழுதியது:

அந்தக் கடைசி வரி எனக்குச் சுட்டது. எங்கள் பக்கத்தில் விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பிச் சாதகம் பண்ணிய பரம்பரை. அப்பப்பா சொல்வார், பிழையான சொல்லை ஆயிரம் தடவை அடித்தால் கை பிழைக்குத்தான் பழகும், அதைத் திருத்த இன்னும் இரண்டாயிரம் தடவை அடிக்க வேண்டும், அதனால் தொடக்கத்தில் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று. ஆனால் அதே அப்பப்பா, சபையில் குரு தாளம் தவறினால் சிஷ்யன் வாயே திறக்கக் கூடாது என்றும் சொல்வார். தவிலில் அது மரியாதை. விமானத்தில் அதுவே ஆளைக் கொன்றுவிடும் போல.

தட்டிவான் எழுதியது:

எல்லாரும் சேர்ந்து என்னை மூலைக்குத் தள்ளுகிறீர்கள், சரி, இரண்டு கேள்வி. ஒன்று, 2009க்குப் பிறகு 2025 தை மாதம் வோஷிங்டனில் ஹெலிகொப்டரோடு மோதியது வரைக்கும் அமெரிக்க விமான நிறுவனங்களுக்குப் பெரிய விபத்தே இல்லை என்கிறார்களே, அது எப்படி? நியூயோர்க்கில் பயணிகள் விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கின கப்டன் சல்லன்பெர்கரே 1500 சட்டத்தை விடக்கூடாது என்கிறார், அவருக்கு 19,000 மணிக்கு மேல்.

இரண்டாவதுதான் என் முக்கியமான கேள்வி. நாங்கள் இருப்பது இலங்கையில். இலக்கம் என்று ஒன்று இல்லாவிட்டால் யார் கோ-பைலட் ஆவான்? ஆள் பிடிக்கத் தெரிந்தவனின் மருமகன். 1500 என்று எழுதி வைத்தால் மந்திரிக்கும் 1500, மண்வெட்டி பிடிக்கிறவனுக்கும் 1500. தரம் பார்க்கிறோம், திறமை பார்க்கிறோம் என்று தொடங்கினால் அந்தத் தரத்தை யார் பார்ப்பது?

பழையஸ்பனர் எழுதியது:

இரண்டாவது கேள்வியில் என்னை மடக்கிவிட்டீர் தம்பி, அதை மறுக்க மாட்டேன். ஆனால் இலக்கத்தையும் வளைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். லாக்புக்கில் பறக்காமலே எழுதுகிற மணிக்குப் பழைய விமானிகள் வைத்த பெயர் பார்க்கர் பேனா மணி. 2011இல் இந்தியாவில் போலிச் சான்றிதழோடு லைசென்ஸ் எடுத்தவர்களைப் பிடிக்கத் தொடங்கியபோது, பறக்காத மணியை எழுதிக் கொடுத்த கதைகளும் சேர்ந்துதான் வெளியே வந்தன.

முதல் கேள்விக்கு ஐரோப்பாவைப் பாருங்கோ. 200 மணிப் பெடியளைப் பள்ளியில் இருந்து நேரே போயிங்கின் வலது கதிரையில், அதாவது கோ-பைலட்டாக, இருத்துகிற ரயன்எயார் நிறுவனத்தில் இன்றுவரை ஒரு பயணிகூட விமான விபத்தில் சாகவில்லை. ஹட்சனைப் பற்றி ஒன்று. சல்லன்பெர்கருக்குப் பக்கத்தில் இருந்த கோ-பைலட்டுக்கு மொத்தம் 15,000 மணிக்கு மேல், ஆனால் அந்த எயார்பஸ் ரகத்தில் வெறும் 37 மணி. பயிற்சி முடித்து அப்போதுதான் வந்தவர். இதை எந்தப் பக்கத்துச் சாட்சி என்பீர்? நான் எனக்கு என்பேன், நீர் உமக்கு என்பீர்.

பனிக்காடு எழுதியது:

எத்தியோப்பிய விமானத்தையும் சொல்லிவிடுகிறேன், சித்தப்பா அதைத்தான் அடுத்ததாக எடுப்பார். 2019 மார்ச்சில் 157 பேர், கோ-பைலட்டுக்கு 361 மணிதான். ஐந்து மாதம் முன்பு இந்தோனேசியாவில் அதே ரக விமானம் விழுந்ததே, அதில் கப்டனுக்கு 6000, கோ-பைலட்டுக்கு 5000 மணி. இரண்டையும் மூக்கைப் பிடித்துக் கீழே தள்ளியது போயிங் உள்ளே வைத்த மென்பொருள்.

பலாலிக்கு வருகிற ஏடிஆர் 72 பற்றியும் ஒன்று, பயமுறுத்த இல்லை. 2023 தை 15, நேபாளத்தில் பொக்காரா, 72 பேர். இடது இறக்கையில் ஃபிளாப் (மெதுவாகப் பறக்க உதவும் இறக்கைத் தகடு) இறக்கும் பிடிக்குப் பதிலாக இரண்டு எஞ்சினின் புரொப்பெல்லரையும் வலுவிழக்கச் செய்யும் பிடியை இழுத்தவர் 21,000 மணிக்கு மேல் பறந்த பயிற்றுநர். 2015இல் தாய்பெயில் ஒரு எஞ்சின் நின்றபோது ஓடிக்கொண்டிருந்த மற்ற எஞ்சினை நிறுத்தின கப்டன், அதற்கு முந்தைய வருடம் சிமுலேட்டரில் எஞ்சின் பாடத்திலேயே தவறியவர். எனக்கு வேலை தருகிறவர் லாக்புக்கின் கடைசிப் பக்கத்தைப் பார்க்க முன் அந்தச் சிமுலேட்டர் அறிக்கையைப் பார்த்தால் போதும் என்பேன்.

பழையஸ்பனர் எழுதியது:

"இடது இறக்கையில்" இல்லைத் தம்பி, ஃபிளாப் இரண்டு பக்கமும் சேர்ந்துதான் இறங்கும். மற்றது எல்லாம் சரி.

பனிக்காடு எழுதியது:

ஓம் அண்ணை, அவசரத்தில் எழுதிவிட்டேன்.

நல்லூர்மாமி எழுதியது:

எல்லாரும் இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு மிக்க நன்றி. பெடியன் முழுவதையும் இருந்து வாசித்தான். மாஸ்டரின் கணக்கைத் தன் லாக்புக்கில் போட்டுப் பார்த்தான், சின்ன விமானத்தில் 400க்கு மேல் இறக்கம் வருகிறதாம், அதைக் கண்டபிறகு கொஞ்சம் முகம் தெளிந்தது. சித்தப்பாவுக்கு அனுப்பினேன், வாசித்ததற்கு அடையாளம் நீலமாகி இருக்கிறது, பதில் இல்லை.

பனிக்காட்டுத் தம்பி சொன்ன மாதிரி பயிற்றுநர் தகுதி எடுத்து இரண்டு வருடம் படிப்பித்துப் பார்ப்போம் என்கிறான். தான் படித்த பள்ளியிலேயே கேட்டிருக்கிறார்கள், சம்பளம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வரும் திங்கள் நேர்முகம். ஞாயிறு இரவு ரயிலில் சீற் இல்லை, பஸ்ஸில்தான் அனுப்ப வேண்டும்.

தட்டிவான் எழுதியது:

மாமி, ரிக்கற் போட வேண்டாம். இப்போது அந்த பஸ்ஸை ஓடுவது என் தம்பி. முன் சீற்றில் இருத்திவிடுகிறேன், நல்லூரடியிலேயே ஏற்றச் சொல்கிறேன். முறிகண்டியில் கச்சான் மட்டும் பெடியன் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

கீரிமலைக்காரி எழுதியது:

உங்கள் தம்பிக்கு எத்தனை மணி அனுபவம்?